ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் பெறப்பட்டது

எங்கள் கடையில் ஒரு பெண் பேசுவாள். கற்பூரப் பாக்கெட்டுகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு டப்பா இருக்கிறது. அதற்குள்ளிருந்துதான் பேசுவாள். யாராவது போனில் ஸ்கேன் செய்து பணம் போட்டால் அடுத்த நொடியே, "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்பாள். ஐந்நூறு போட்டாலும் அதே குரல்தான், சந்தோஷமும் கிடையாது, சலிப்பும் கிடையாது. வந்த புதிதில் எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. கூட்ட நேரத்தில் ஒவ்வொருவரிடமும் "போனக் காட்டுங்க, டிக் வந்துச்சான்னு பாக்கறேன்" என்று கெஞ்ச வேண்டியதில்லை. இப்போது அவள் வாயைத் திறந்தாலே கை வேலையைப் போட்டுவிட்டு என் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

எவ்வளவு வந்தது என்று மட்டும்தான் அவள் சொல்வாள். யார் போட்டார்கள் என்று சொல்லமாட்டாள். அது ஒரு குறை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

கடை கிரிவலப் பாதையில், குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் வீட்டின் முன்னறையில் இருக்கிறது. டீ, தண்ணீர், கற்பூரம், நெய் விளக்கு இவ்வளவுதான் சரக்கு. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார், கடை முழுக்க என் பொறுப்பு. மற்ற நாளில் டீ வியாபாரம். பௌர்ணமியன்று மட்டும் சில்லறை வியாபாரம்.

கிரிவலம் வருகிறவர்களுக்கு வழியெல்லாம் உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்குப் பத்துப் பத்து ரூபாயாகப் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். ஆனால் இப்போது யார் கையில் நோட்டு இருக்கிறது? போன்தான் இருக்கிறது. சாமியாரிடம் போனை நீட்ட முடியுமா? அதனால் எங்களைப் போன்ற கடைகளில் ஸ்கேன் செய்து பத்து ரூபாய் நோட்டாக வாங்கிக்கொள்வார்கள். இருநூறு போட்டால் பத்தொன்பது நோட்டு, ஒன்று எனக்கு. மறுநாள் காலையில் அதே சாமியார்கள் அந்த நோட்டுகளைத் துண்டில் முடிந்து என்னிடமே கொண்டுவந்து ஐந்நூறு ரூபாய்த் தாளாக மாற்றிக்கொள்வார்கள். அவற்றை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு அடுத்த பௌர்ணமிக்கு வைத்துவிடுவேன். ஓரத்தில் பச்சை மையில் யாரோ பூ வரைந்த ஒரு நோட்டு மூன்று பௌர்ணமி தொடர்ந்து என் கைக்கு வந்தது.

வயதானவர்கள்தான் ஜாஸ்தி தடுமாறுவார்கள். கண்ணாடியை லாட்ஜிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார்கள். வெயிலில் திரை தெரியாது. "நீயே போட்டுக்கம்மா" என்று போனைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஸ்கேன் செய்தால் எதிலிருந்து போக வேண்டும் என்று போன் கேட்கும், பேங்க் கணக்கா, கிரெடிட் கார்டா என்று. "கார்டுலயே போடு. பையன் அதுலதான் வெச்சுக் குடுத்திருக்கான். பாயின்ட் வருதாம்" என்பார்கள். நானும் கார்டைத் தொட்டுவிட்டு, பின்னால் நிற்கும் கூட்டத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "பின் நம்பர் சொல்லுங்கம்மா!" என்று கேட்பேன். அவர்களும் சத்தமாகச் சொல்வார்கள். அஞ்சு, எட்டு, ரெண்டு, ரெண்டு. பக்கத்தில் டீ குடிக்கிற ஆள், செருப்பு மாட்டுகிற ஆள் எல்லாருக்கும் கேட்கும். ஒரு முறை ஓர் அம்மாவிடம், "மெதுவா சொல்லக் கூடாதாம்மா" என்றேன். "சாமி சுத்த வந்த எடத்துல எவன் எடுக்கப் போறான்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இந்தக் கடைப் பணம் விழுகிற கணக்கில்தான் என் தங்கையின் பணமும் இருந்தது.

தங்கை கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். நெல்லும் வேர்க்கடலையுமாகக் கொஞ்சம் நிலம். அவளுக்கு ஒன்றரை வருஷமாகத் தீட்டு நிற்கவில்லை. மாதத்தில் இருபது நாள் போய்க்கொண்டே இருக்கும். "வயசானா அதுவா நின்னுடும்" என்று அவள் புருஷன் சொல்லிவிட்டான். ஒருநாள் களத்தில் மயங்கி விழுந்த பிறகு நான்தான் டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் ரத்தம் ரொம்பக் கம்மி, முதலில் அதை ஏற்ற வேண்டும், மூன்று மாதம் மருந்து சாப்பிட்டுவிட்டு ஆனி மாதம் வாருங்கள் என்றார். "அதுக்கு மேல தள்ளாதீங்க. இன்னொரு தடவ இந்த மாதிரி போச்சுன்னா என்னால பொறுப்பு சொல்ல முடியாது" என்றார். அந்தச் சொல் என் காதிலேயே நின்றுவிட்டது.

பங்குனியில் ஒருநாள் தங்கை தனியாகக் கடைக்கு வந்தாள். சேலைத் தலைப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். எழுபதாயிரம் ரூபாய். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். செயின் இருந்தது. ஆனால் பார்த்த உடனே தெரிந்தது, கவரிங்.

"அவருக்குத் தெரியாதுக்கா. வீட்டுல வெச்சா எடுத்துடுவாரு. அக்கா செலவு பண்ணி ஆபரேஷன் பண்றான்னு சொல்லிக்கறேன். உன் கணக்குலயே கெடக்கட்டும்" என்றாள்.

"ஒரு துண்டுச் சீட்டாவது எழுதிக்கோடி" என்றேன்.

"உன்கிட்ட சீட்டு வேறயா?" என்று சிரித்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அதற்கு முந்தின பௌர்ணமியில்தான், மாசியில், ஒரு ஆள் முதல்முதலாகக் கடைக்கு வந்தார். எனக்குச் சமமான வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்தில் ஒற்றை ருத்திராட்சம், நெற்றியில் பட்டையாக விபூதி. பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சுதான். டீயைக் குடித்துவிட்டு, "அக்கா, ஒரு ஒதவி. கையில கேஷ் இல்ல. என் கிரெடிட் கார்டுல இருந்து ஒங்களுக்குப் போடறேன். கேஷா குடுக்க முடியுமா?" என்றார்.

"ஏடிஎம்ல எடுக்கலாமே சார்?"

"கிரெடிட் கார்டுல ஏடிஎம்ல எடுத்தா அன்னிக்கே வட்டி ஆரம்பிச்சுடுவான். ஆளுக்கு ஆள் அனுப்பவும் விடமாட்டான். கடைக்கு மட்டும்தான் போவும். ஆயிரத்துத் தொள்ளாயிரம் போடறேன், ஆயிரத்து எண்ணூத்தி அம்பது குடுங்க. ரெண்டாயிரத்துக்கு மேல போட்டா ஒங்களுக்குக் கமிஷன் பிடிப்பாங்க. ஒங்களுக்கு எதுக்கு நஷ்டம்?"

என் நஷ்டத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் அப்படித்தான். யாராவது கொஞ்சம் மரியாதையாகப் பேசினால் போதும், கதவைத் திறந்துவிடுவேன். என் கண் எதிரில்தான் அவருடைய போனில் ஸ்கேன் செய்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்றாள் டப்பாக்காரி. எண்ணிக் கொடுத்தேன். ஒரு டீக்கு எனக்கு நிற்பது ஒரு ரூபாயோ ஒன்றரையோ. இங்கே நின்ற இடத்தில் ஐம்பது.

பங்குனிப் பௌர்ணமிக்கும் வந்தார். இந்த முறை கடை ஓரத்தில் வெகு நேரம் நின்றார். பிற்பகலிலேயே கூட்டம் நெரித்தது. நான் ஒரு பக்கம் பால் பொங்க, ஒரு பக்கம் நோட்டு எண்ண, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, "குடுங்கம்மா, நான் போட்டுத் தரேன்" என்று ஒரு வயதான அம்மாவின் போனை வாங்கினார். "அக்கா பாவம், ஒண்டியா கஷ்டப்படறாங்க" என்று அந்த அம்மாவிடம் எனக்காகப் பேசினார். நன்றியில் எனக்குக் கண்ணே கலங்கியது. அன்றைக்கு அவருக்கு நான் டீக்குக் காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. சித்திரையிலும் வைகாசியிலும் அவர் கடை ஓரத்தில் நின்றபடி வயதானவர்களின் போனை வாங்கி வாங்கிப் போட்டுக் கொடுத்தார். நான் அடுப்பிலிருந்தே, "பின் நம்பர் சொல்லுங்கம்மா!" என்று குரல் கொடுப்பேன். பழக்க தோஷம். நடு நடுவே டப்பாவிலிருந்து "ஆயிரத்துத் தொள்ளாயிரம்" என்று வரும். "அது என்னுதுக்கா" என்பார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணிக் கொடுப்பேன். அவர் தன் போனில் போட்டாரா என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. யார் பெயரில் வந்தது என்று என் போனில் பார்த்தால் தெரியும். ஆனால் அது உள்ளறையில் சார்ஜில் கிடக்கும். டப்பாதான் சொல்கிறதே, அப்புறம் போன் எதற்கு?

வைகாசியில் ஒரு அம்மாவை மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீலப் புடவை, கையில் மஞ்சள் பை, வெறும் கால். வெயிலில் முகம் சிவந்திருந்தது. அவர் போனை அந்த ஆள் வாங்கினார். அந்த அம்மா நாலு எண்ணையும் விட்டு விட்டுச் சொன்னார். "இருநூறு ரூபாய் பெறப்பட்டது" என்றது டப்பா. நான் பத்தொன்பது நோட்டை எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடிப்பதற்குள், "ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்றது.

"எவ்ளோ போட்டீங்க?" என்று அந்த அம்மா தலையைத் தூக்கிக் கேட்டார்.

"உங்களுது இருநூறும்மா. அது என்னுது" என்று சொல்லி அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று நான்தான் ஆட்டினேன். அவர் நோட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தார். நான் அந்த ஆளுக்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதை எண்ணிக் கொடுத்தேன்.

அன்றைக்கு அவர் போகும்போது, "வரேங்க்கா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஆனி பிறந்தது. தங்கைக்கு ரத்தம் ஓரளவு ஏறியிருந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன், ஞாயிறு சாயங்காலமே சேர்ந்துவிட வேண்டும், பணம் முழுவதும் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின புதன்கிழமை காலையில் பால்காரருக்குப் பணம் போட்டேன். போகவில்லை. திரும்பப் போட்டேன். போகவில்லை. நெட்வொர்க் தகராறு என்று நினைத்து வாசலுக்கு வந்து போட்டேன். அப்போது ஒருவர் டீ குடித்துவிட்டு ஸ்கேன் செய்தார். "பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று டப்பா பேசியது. அப்படியென்றால் நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது. பணம் உள்ளே போகிறது, வெளியே மட்டும் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு பேங்குக்கு ஓடினேன்.

பேங்கில் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார். முகம் மாறியது. "உக்காருங்கம்மா" என்றார். பேங்கில் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"போலீஸ்ல இருந்து உங்க கணக்க நிறுத்தச் சொல்லிருக்காங்க. சைபர் கிரைம் கம்ப்ளெய்ன்ட். ஒண்ணு இல்ல, அஞ்சு. வேற வேற ஊரு."

"நான் டீக்கட வெச்சிருக்கேம்மா."

"தெரியும்மா. ஆனா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. வேங்கிக்கால்ல சைபர் கிரைம் ஆபீஸுக்குப் போய்ப் பாருங்க. அவங்க சொன்னாத்தான் எடுக்க முடியும்."

"அதுல இருக்கறது என் காசு இல்லம்மா. என் தங்கச்சி காசு. திங்கக்கெழம ஆபரேஷன்."

அவர் ஒரு தாளில் அஞ்சு புகார் எண்களையும் எழுதிக் கொடுத்தார். பாவம், அவர் என்ன செய்வார். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

வேங்கிக்காலில் அந்த ஆபீஸில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அப்புறம் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மகள் வயதுப் பெண். அதட்டவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதப் பாருங்கம்மா. அஞ்சு பேரும் வயசானவங்க. அஞ்சு பேருக்கும் கிரெடிட் கார்டு பில்லுல ஒங்க கட பேரு. ஒவ்வொருத்தர் போன்ல இருந்தும் மொதல்ல எரநூறு. அடுத்த நிமிஷமே ஆயிரத்துத் தொள்ளாயிரம். எல்லாமே பௌர்ணமி அன்னிக்கு. பேங்க் காசா இருந்தா அன்னிக்கே கம்மியானது தெரிஞ்சிருக்கும். கார்டுங்கறதால பில்லு வந்தப்புறம்தான் பசங்க பாத்துருக்காங்க. ரெண்டாவது காசு எதுக்கு?"

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலப் புடவை கண் முன்னால் வந்தது. இருநூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம். டப்பா இரண்டு தடவை பேசியது. இரண்டையும் நான் காதால் கேட்டேன். இரண்டும் அந்த அம்மாவின் போனிலிருந்துதான் போயிருக்கிறது. அந்த ஆள் தன் போனைத் தொடவே இல்லை. அந்த அம்மாவின் பணத்தை எடுத்து, என் கையாலேயே அவருக்குக் கொடுக்கவைத்திருக்கிறார். பின் நம்பரையும் நானே கத்திக் கேட்டு வாங்கித் தந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கமிஷன் வாங்கியதையும் சொன்னேன். மறைத்தால் நாக்கு அழுகிவிடும்போல இருந்தது.

"அவரு பேரு?"

"தெரியாதும்மா."

"போன் நம்பர்?"

"தெரியாது."

"நாலு மாசமா கேஷ் குடுத்துருக்கீங்க. அந்தக் கார்டு அவருதானான்னு ஒரு தடவகூட கேக்கலியா?"

நான் கேட்கவில்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டார். விசாரித்துவிட்டுத்தான் கணக்கைத் திறக்க முடியும், புகார் கொடுத்த ஊர்களிலிருந்தெல்லாம் பதில் வர வேண்டும், மாதக் கணக்கில் ஆகலாம் என்றார். "திங்கக்கெழமைக்குள்ள..." என்று ஆரம்பித்தேன். "இல்லம்மா" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனிதர் கோபத்தில் அடுப்படியில் இருந்த டம்ளரைத் தூக்கி எறிந்தார். "ஒனக்கு எதுக்கு அந்த வேல? டீ போட்டமா வித்தமான்னு இல்லாம!" என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டு அவரே உட்கார்ந்து யோசித்தார். என் நகை எல்லாம் ஆட்டோ வாங்கின கடனுக்கு அடகில் இருக்கிறது. அவர் ஸ்டாண்டில் நாலு பேரைக் கேட்டார். கிடைக்கவில்லை. வியாழன் போனது, வெள்ளி போனது. தங்கை போன் செய்து, "மாத்து நைட்டி ரெண்டு எடுத்துக்கிட்டா போதுமாக்கா?" என்று கேட்டாள். போதும் என்றேன். அவளுக்கு மறுபடி போக ஆரம்பித்துவிட்டது என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாள்.

என்னிடமும் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. போன வருஷம் வேறொரு பேங்கிலிருந்து ஒரு பெண் வந்து, "கடக்காரங்களுக்கு சும்மா தர்றோம்க்கா" என்று பேசிப் பேசிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த கார்டு. போனிலும் அவளே ஏற்றிவிட்டாள். ஒரு தடவை மிக்ஸி வாங்கியதோடு சரி. ஆஸ்பத்திரியில் கேட்டால், கார்டு கிடையாது, ரொக்கம்தான் என்றார்கள். கார்டிலிருந்து ஆளுக்குப் போகாது, கடைக்கு மட்டும்தான் போகும். அந்தப் பாடத்தை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பதுதான் தெரியுமே.

சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு ரீசார்ஜ் கடைக்குப் போனேன். அங்கே இது நடக்கிறது என்று ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லியிருந்தார்கள். வாசலிலேயே நின்றேன், உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். "அண்ணா, ஒரு ஒதவி" என்றேன். அந்த ஆள் சொன்ன அதே சொல். "கார்டுல இருந்து போடறேன். கேஷா குடுக்க முடியுமா?"

கடைக்காரர் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "நூத்துக்கு மூணு. கார்டு யாருது?"

"என்னுதுதாண்ணா."

"கார்டக் காட்டுங்க. ஆதாரும் குடுங்க."

இரண்டையும் கொடுத்தேன். பெயரைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஆதாரை ஜெராக்ஸ் எடுத்து அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு பௌர்ணமியில் எனக்குக் கிடைக்காத ஒரு நிமிஷம். நான் ஸ்கேன் செய்தேன். அவர் கடையிலும் ஒரு டப்பா இருந்தது, அதே பெண்தான் பேசினாள். அவள் தொகையைச் சொன்னபோது கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். அடுத்த மாதம் அந்தக் கார்டுக்கு எப்படிக் கட்டப்போகிறேன் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் முழுசாகத் தெரியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வெளியே வந்து, "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா கஷ்டம்" என்றார். நான் அந்தச் சுவரிலேயே சாய்ந்து அழுதுவிட்டேன்.

ஆறாம் நாள் என் வீட்டுக்காரர் ஆட்டோவிலேயே தங்கையைக் கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிப்போனோம். அவர் மெதுவாக ஓட்டினார். பள்ளம் வந்தால் நான் அவளைப் பிடித்துக்கொள்வேன். முகம் வெளுத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. ஊர் நெருங்கும்போது இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள்.

"வேர்க்கடல வித்ததுல கொஞ்சம் ஒதுக்கி வெச்சேன்க்கா. அவருக்குத் தெரியாது. மிச்சம் இருக்கறதோட இதையும் உன் கணக்குலயே போட்டு வை. செயின எப்பிடியாச்சும் திரும்பப் பண்ணணும்."

நான் கையை நீட்டவில்லை.

"இன்னாக்கா?"

வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு நொடி அப்படியும் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் அவள் கழுத்தில் இருந்த கவரிங் செயின் வேர்வையில் கறுத்திருந்தது. சொல்லிவிட்டேன். வெள்ளைச் சட்டைக்காரர், ஐம்பது ரூபாய், நீலப் புடவை அம்மா, முடக்கின கணக்கு, எல்லாவற்றையும் ஆட்டோ சத்தத்துக்கு நடுவில் அவள் காதோரமாகச் சொன்னேன். அவள் பணம் எப்போது வரும் என்று தெரியாது என்பதையும் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அப்போ ஆஸ்பத்திரியில கட்டுனது?" என்று கேட்டாள்.

"கார்டுல இருந்து எடுத்தது."

அவள் என் பக்கம் திரும்பினாள். ஒரு துண்டுச் சீட்டுகூட வேண்டாம் என்று எழுபதாயிரத்தை என் மடியில் வைத்தவள், குரலைத் தாழ்த்தி, பயந்து பயந்து கேட்டாள்.

"அந்தக் கார்டு யாருதுக்கா?"

பையைத் திறந்து கார்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எட்டாவதோடு நின்றவள் அவள், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள். சுருக்குப் பையை மடியில் வைத்துவிட்டு, கார்டில் இருந்த என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்க ஆரம்பித்தாள். அவள் படித்து முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். முடித்துவிட்டு கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். சுருக்குப் பையின் கயிற்றை இழுத்துக் கட்டி மறுபடியும் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள்.